படகு இரு மடங்கு நீளமானால் எது எத்தனை மடங்காகும்?

மாணவர்களே, இந்த வாரம் நாம் ஒரு படகு வாங்கப் போகிறோம். பணம் நம்முடையதில்லை; பெரியப்பாவுடையது. ஆகவே இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கற்பனை செய்து கொள்ளுங்கள். உங்கள் பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. லங்காவியில் இரண்டு படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 6 மீட்டர் நீளம், மற்றொன்று 12 மீட்டர். இரண்டும் ஒரே அமைப்பு. சிறியதை அப்படியே பெரிதாக்கியதுபோல் இருக்கிறது பெரியது.

“12 மீட்டர் படகு ரெண்டு மடங்கு பெரிசு. செலவும் ரெண்டு மடங்குதான் ஆகும். சமாளிச்சிடலாம், இல்லையா?” என்று கேட்கிறார். வீட்டில் இயற்பியல் படிப்பவர் நீங்கள்தான். என்ன பதில் சொல்வீர்கள்?

“நீளம் மட்டும்தான் பெரியப்பா ரெண்டு மடங்கு” என்பதுதான் சரியான பதிலின் தொடக்கம். மற்றவை வேறு வேறு மடங்குகளில் மாறுகின்றன. சில 1.4 மடங்கு, சில 4 மடங்கு, சில 8 மடங்கு, ஒன்று 16 மடங்கு. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால், பெரியப்பாவின் பணத்துக்கு நீங்கள் நல்ல காவலராக இருக்கலாம்.

பால் டப்பாவில் ஒரு சோதனை

காலியான பால் டப்பாக்களின் அட்டையை வெட்டி, மேல்மூடி இல்லாத இரண்டு பெட்டிகள் செய்யுங்கள். முதல் பெட்டி 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். இரண்டாவதில் ஒவ்வோர் அளவும் இரு மடங்கு: 20 செ.மீ., 10 செ.மீ., 6 செ.மீ. ஓரங்களை நீர் புகாத ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுங்கள்.

முதல் பெட்டிக்கு 140 சதுர செ.மீ. அட்டை போதும். இரண்டாவதற்கு 560 சதுர செ.மீ. தேவைப்படும். அதாவது 4 மடங்கு. இப்போது இரண்டையும் வாளி நீரில் மிதக்கவிட்டு, விளிம்பு நீரைத் தொடும் வரை 20 சென் காசுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். சிறிய பெட்டியின் கொள்ளளவு 150 கன செ.மீ. எனவே அது இடம்பெயர்க்கக்கூடிய நீரின் எடை 150 கிராம். பெட்டியின் சொந்த எடையும் காசுகளின் எடையும் சேர்ந்து அதைத் தாண்டினால் மூழ்கிவிடும். பெரிய பெட்டியின் கொள்ளளவு 1,200 கன செ.மீ. அது 1,200 கிராம் வரை தாங்கும். இது 8 மடங்கு. (வீட்டில் உள்ள காசெல்லாம் தீர்ந்துவிட்டால் மணலை அளந்து போடலாம்.)

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே அமைப்புள்ள இரு படகுகளில், நீருக்கு அடியில் இருக்கும் பகுதியின் கன அளவு 8 மடங்கானால் படகின் எடையும் 8 மடங்காக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் படகு அதே நீர்க்கோட்டில் மிதக்காது. நம் கணக்குக்காக 6 மீட்டர் படகின் எடை 1.25 டன் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் படகு 10 டன். இவை நிஜப் படகுகளின் எடைக்கு நெருக்கமான எண்கள்தாம்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கை தூக்குவார். “ஆசிரியரே, அட்டை 4 மடங்குதானே ஆனது? படகின் உடல் மட்டும் ஏன் 8 மடங்கு கனக்க வேண்டும்?” நல்ல கேள்வி. அதே தடிமனுள்ள பலகையால் கட்டினால் 4 மடங்குதான். ஆனால் பெரிய படகு ஆழமாக அமிழ்கிறது. அதன் அடிப்பாகத்தை நீர் கூடுதல் அழுத்தத்தோடு தள்ளுகிறது. தாங்கு சட்டங்களுக்கு இடையிலுள்ள தூரமும் கூடிவிட்டது. மெல்லிய பலகை வளைந்துவிடும். ஆகவே தடிமனையும் கூட்ட வேண்டியிருக்கிறது. அகலம், நீளம், தடிமன் மூன்றும் இரு மடங்கானால் மறுபடியும் 8.

இதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் கலிலியோ. அவர் 1638ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூல், வெனிஸ் நகரின் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறது. பெரிய கப்பலுக்கு மட்டும் ஏன் அளவுக்கு மீறிய முட்டுக்கட்டைகள் கொடுக்கிறார்கள் என்பதே அங்கு எழும் கேள்வி. வடிவம் ஒன்றாக இருந்தாலும் பெரியது தன் எடையாலேயே முறியக்கூடும் என்பது அவர் கண்ட விடை.

விலைச் சீட்டு சொல்லாதது

படகு கட்டும் செலவு நீளத்தோடு அல்ல, எடையோடுதான் நெருக்கமாக நடக்கிறது. பொருளும் கூலியும் எடையைப் பொறுத்தவை. புதிதாக வாங்கினால் 12 மீட்டர் படகின் விலை 6 மீட்டர் படகைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு இருந்தால் வியப்பில்லை.

ஆனால் பெரியப்பா பார்ப்பது பழைய படகு. பழைய பெரிய படகுகள் சில வேளைகளில் நம்ப முடியாத மலிவு விலைக்கு வரும். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். படகுக்கு வயதாக ஆக அதன் விலை இறங்குகிறது. அதன் அளவோ இறங்குவதில்லை. கிழிந்த பாய்க்குப் பதில் புதுப் பாய் வாங்கப் போனால், கடைக்காரர் படகின் வயதைக் கேட்க மாட்டார். பாய் எத்தனை சதுர மீட்டர் என்றுதான் கேட்பார்.

பாய் ஒரு பரப்பு. 6 மீட்டர் படகுக்கு 20 சதுர மீட்டர் என்றால் 12 மீட்டர் படகுக்கு 80. துணியும் தடிமனாக வேண்டும் என்பதால் செலவு 4 மடங்குக்கும் மேல். அடிப்பாகத்துக்குப் பூசும் சாயமும் அப்படித்தான். நம் கடல் வெதுவெதுப்பானது. ஓடுள்ள சிறு கடலுயிர்களும் பாசியும் படகின் அடியில் வேகமாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைத் தடுக்கும் சிறப்புச் சாயத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். படகைக் கட்டி வைக்கும் இடத்துக்குப் பொதுவாக நீளத்தை வைத்து வாடகை வாங்குகிறார்கள். அது மட்டும்தான் பெரியப்பா நினைத்தபடி இரு மடங்கு!

வேகம் என்ன ஆகும்?

இவ்வளவு செலவு செய்தால் வேகமாவது இரு மடங்காகுமா? ஆகாது. ஏன் ஆகாது என்பது இன்றைய பாடத்தின் அழகான பகுதி.

நீரைக் கிழித்துச் செல்லும் படகு தன் முன்பக்கத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. படகு வேகமாகப் போகப் போக அந்த அலையின் நீளமும் கூடுகிறது. ஆழமான நீரில் ஓர் அலையின் வேகத்துக்கும் அதன் நீளத்துக்கும் உள்ள தொடர்பு இது: வேகம் (மீட்டர்/வினாடி) = 1.25 × √நீளம் (மீட்டர்). ஈர்ப்பு முடுக்கம் 9.81ஐ 2π ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் அந்த 1.25 கிடைக்கும், நீங்களே செய்து பாருங்கள்.

அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும்போது ஒரு சிக்கல் வருகிறது. படகின் முன்பக்கம் ஓர் அலை முகட்டில், பின்பக்கம் அடுத்த முகட்டில், நடுவே பள்ளம். இன்னும் வேகம் கூட்டினால் பின்பக்க முகடு படகை விட்டுப் பின்னால் நழுவிவிடும். பின்புறம் பள்ளத்தில் இறங்கும். படகு தானே எழுப்பிய அலையின் மீது மலையேறுவதுபோல் ஏற வேண்டியிருக்கும். கனமான படகுக்கு இது நடைமுறை எல்லை. பங்கோர் தீவுக்குப் போகும் வேகப்படகுகள் இதிலிருந்து தப்பிப்பது, அவை இலேசாக இருந்து, பெரிய இயந்திரத்தின் பலத்தால் நீரின் மேலே எழும்பிச் சறுக்குவதால்தான். சமையலறையும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்து செல்லும் பாய்மரப் படகுக்கு அந்த வசதி இல்லை.

கணக்குப் போடுவோம். 6 மீட்டர் படகு: 1.25 × √6 = 3.06 மீட்டர்/வினாடி, அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். 12 மீட்டர் படகு: 1.25 × √12 = 4.33 மீட்டர்/வினாடி, மணிக்கு 15.6 கிலோமீட்டர். ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவியின் குவா நகருக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சிறிய படகு முழு வேகத்தில் போனால் பத்தரை மணி நேரம். பெரியது ஏழரை மணி நேரம். 8 மடங்கு எடையுள்ள படகை வாங்கி மிச்சம் பிடித்தது மூன்று மணி நேரம்.

இயந்திரத்தைப் பயன்படுத்தும்போது கணக்கு இன்னும் கசக்கும். வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1860களில் வெவ்வேறு அளவிலான மாதிரிக் கப்பல்களை நீரில் இழுத்துப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டார். ஒரே வடிவமுள்ள இரு கப்பல்களை, நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற வேகங்களில் ஓட்டினால், அவை ஒரே மாதிரி அலைகளை எழுப்பும்; அலைகளால் வரும் தடைவிசை எடைக்கு ஏற்பக் கூடும். நம் படகுகளில் தடைவிசை 8 மடங்கு, வேகம் 1.41 மடங்கு. திறன் என்பது விசை × வேகம். ஆக 8 × 1.41 = 11.3 மடங்கு திறன் வேண்டும். இன்றும் கப்பல் கட்டுமுன் மாதிரியைத் தொட்டியில் இழுத்துப் பார்ப்பது ஃபுரூட் காட்டிய வழியில்தான்.

பெரிய படகின் பக்கமும் நியாயம் உண்டு

இதுவரை படித்துவிட்டு, பெரிய படகு வாங்குபவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இப்போதுதான் அந்த 16 வருகிறது.

காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கப் பார்க்கிறது. பாயின் பரப்பு 4 மடங்கு, ஆகவே விசை 4 மடங்கு. பாயின் மையம் இரு மடங்கு உயரத்தில் இருக்கிறது. திருப்புதிறன் என்பது விசை × தூரம் என்பதால் சாய்க்கும் திருப்புதிறன் 8 மடங்கு. அதை எதிர்த்துப் படகை நிமிர்த்துவது படகின் எடையும் மிதப்பு விசையும் சேர்ந்த ஜோடி. எடை 8 மடங்கு, அந்த இரு விசைகளுக்கும் இடையிலான தூரம் 2 மடங்கு. 8 × 2 = 16. சாய்க்கும் சக்தி 8, நிமிர்த்தும் சக்தி 16! அதே காற்றில் பெரிய படகு குறைவாகவே சாயும். ஒரு மீட்டர் உயர அலை அதற்குத் தொட்டிலாட்டம். சிறிய படகுக்கோ சமாளிக்க வேண்டிய சங்கதி.

ஆனால் எல்லா அளவும் ஒரே விகிதத்தில் கூடினால்தான் இந்த 16. 1628 ஆகஸ்டு 10ஆம் நாள் சுவீடன் அரசரின் புதிய போர்க்கப்பல் ‘வாசா’ ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் தன் முதல் பயணத்தைத் தொடங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம்கூடப் போகாமல் சாய்ந்து மூழ்கியது. இரண்டு தளங்களில் பீரங்கிகளை ஏற்றிய அந்தக் கப்பலின் மேற்பகுதி கனத்துவிட்டது. அதற்கேற்ற அகலம் கீழே இல்லை.

மாறாத ஒன்று

படகோடு சேர்ந்து வளராத பொருள் ஒன்று இருக்கிறது. அது பெரியப்பா.

மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, அதாவது வினாடிக்கு 10 மீட்டர், ஒரு சதுர மீட்டர் பாயை ஏறத்தாழ 60 நியூட்டன் விசையோடு தள்ளும். 20 சதுர மீட்டர் பாயில் 1,200 நியூட்டன். இது 120 கிலோகிராம் எடையைத் தாங்குவது போன்றது. அதில் ஒரு பங்கு கயிற்றுக்கு வரும். உருளையில் சுற்றி இழுத்தால் ஒருவரால் முடியும். 80 சதுர மீட்டர் பாயில் 4,800 நியூட்டன். அறுபது வயதுக் கைகள் அதை இழுக்கப் பற்சக்கரம் வைத்த வின்ச் வேண்டும். அது போதாவிட்டால் மின்சார வின்ச், அதற்கு மின்கலம், மின்கலத்துக்கு மின்னேற்றி. ஒவ்வொன்றும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கக்கூடியது. நங்கூரமும் சங்கிலியும் இதே கதைதான்.

1976இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனி ஆளாகக் கடக்கும் போட்டிக்கு பிரான்ஸ் நாட்டின் அலன் கோலா 72 மீட்டர் நீளமும் நான்கு பாய்மரங்களும் கொண்ட படகைக் கொண்டு வந்தார். அதே நாட்டின் எரிக் டபார்லி கொண்டு வந்தது 22 மீட்டர் படகு. அதுவே ஒரு குழு சேர்ந்து ஓட்டுவதற்காகக் கட்டப்பட்டது. நம் சூத்திரப்படி கோலாவின் படகு 1.8 மடங்கு வேகமாகப் போகக்கூடியது. நடந்தது என்ன? பாய்களைத் தூக்கிக் கட்டும் கயிறுகள் அறுந்ததால் கோலா வழியில் நியூஃபவுண்ட்லாந்தில் நிறுத்திச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. டபார்லி முதலில் வந்து சேர்ந்தார்.

உலகத்தை முதன்முதலில் தனியாகச் சுற்றி வந்த ஜோஷுவா ஸ்லோக்கம் (1895–1898) ஓட்டிய ‘ஸ்ப்ரே’ 11.2 மீட்டர். எங்கும் நிறுத்தாமல் 312 நாளில் தனியாகச் சுற்றி வந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது, 9.8 மீட்டர். 1968இல் அந்தப் போட்டியில் ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் அவர் ஒருவரே.

மனிதர் மாறாததால் சிறிய பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. 12 மீட்டர் படகின் அறையில் நிற்கும் உயரம் 2 மீட்டர் என்றால், அதே வடிவத்தில் 6 மீட்டர் படகில் 1 மீட்டர்தான். பெரியம்மா அதற்குள் ஒரு முறை தலையை விட்டுப் பார்த்தால் போதும், பயணத் திட்டம் அன்றோடு முடிந்துவிடும். சிறிய படகுகளைக் கட்டுபவர்கள் இதனால்தான் கூரையை உயர்த்தி, உடலைக் கொஞ்சம் குண்டாக்குகிறார்கள். கூரை உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயரும். வாசாவை நினைவில் வைத்து அளவோடு செய்ய வேண்டும்.

இன்னோர் எல்லையைக் கடலே வைக்கிறது. சிறிய படகு நீருக்குள் 1 மீட்டர் அமிழ்ந்தால் பெரியது 2 மீட்டர் அமிழும். நம் மேற்குக் கரையின் ஆற்று முகத்துவாரங்கள் பல சேறு நிறைந்தவை. நீர் வற்றும் நேரத்தில் 2 மீட்டர் ஆழம் தேடினாலும் கிடைக்காது. மலாக்கா நீரிணையைக் கடக்கும் பிரம்மாண்டக் கப்பல்களுக்கும் இதே கவலைதான். அவற்றின் அடிக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி.

அப்படியானால் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் 400 மீட்டர் கொள்கலன் கப்பல்கள் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன? அவற்றின் வேலை சுமப்பது. சுமை 8 மடங்கு கூடும்போது நீரில் உரசும் பரப்பு 4 மடங்குதான் கூடுகிறது. அதே வேகத்தில் ஒரு டன் சரக்குக்கு ஆகும் எரிபொருள் குறைகிறது. பெரியப்பா சுமக்கப் போவது இரண்டு பேரையும் ஒரு வாரச் சமையல் சாமானையும்தான்.

ஆகவே நீளத்தில் தொடங்காதீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். எத்தனை பேர் இரவில் தூங்குவார்கள், வருடத்தில் எத்தனை நாள் கடலில் இருப்பார்கள், கயிற்றை இழுப்பது யார், படகை எங்கே கட்டுவது? முதலில் இவற்றுக்கு விடை வேண்டும். அதன் பிறகு நீளம் கேட்காமலே வெளிவரும். வீடு வாங்குவோர் இந்த ஏமாற்றத்தில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. வீட்டின் அளவைச் சதுர அடியில், அதாவது பரப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். படகு, தொலைக்காட்சி, பீஸா மூன்றையும்தான் ஒரே கோட்டின் நீளத்தை வைத்து விற்கிறார்கள். 12 அங்குல பீஸா 9 அங்குல பீஸாவைவிடக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு பெரியது என்பதை அடுத்த முறை நினைவில் வையுங்கள்.

பயிற்சி

அதே வடிவத்தில் 9 மீட்டர் படகு ஒன்றும் விற்பனைக்கு வருகிறது. 6 மீட்டர் படகின் அளவுகளை (1.25 டன், 20 சதுர மீட்டர் பாய், 1 மீட்டர் அமிழ்வு) அடிப்படையாக வைத்து, 9 மீட்டர் படகின் எடை, பாயின் பரப்பு, அமிழும் ஆழம், வேக எல்லை, ஜார்ஜ்டவுன்–குவா பயண நேரம் ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். பிறகு மூன்று படகுகளில் எதைப் பெரியப்பாவுக்குப் பரிந்துரைப்பீர்கள் என்று ஐந்து வரிகளில் காரணத்தோடு எழுதுங்கள்.

விடை: நீளம் 1.5 மடங்கு. எடை 1.25 × 3.375 = 4.2 டன். பாய் 20 × 2.25 = 45 சதுர மீட்டர். அமிழ்வு 1.5 மீட்டர். வேகம் 1.25 × 3 = 3.75 மீட்டர்/வினாடி, மணிக்கு 13.5 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ எட்டரை மணி நேரம். அந்த ஐந்து வரிகளுக்கு விடை நாங்கள் தர மாட்டோம்.